ப்ளேன் போன பிறகு

எங்கள் தெருவில் ப்ளேனை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஸ்ரீவராகம் என்கிற எங்கள் பேட்டைக்காரர்களுக்கு அது பஸ் மாதிரி. ஏர்போர்ட் அவ்வளவு பக்கம். தலைக்கு மேல் இரைச்சல் வந்தால் பேசிக்கொண்டிருப்பவர் வாக்கியத்தை நடுவில் நிறுத்துவார், எதிரே நிற்பவர் காத்திருப்பார், சத்தம் அடங்கினதும் விட்ட வார்த்தையிலிருந்து பேச்சு தொடரும். கல்யாணப் பேச்சானாலும் சரி, பாகப்பிரிவினைச் சண்டையானாலும் சரி, இந்த நிறுத்தம் உண்டு. கோபத்தில் கத்திக்கொண்டிருந்த ஒருவர் ப்ளேனுக்காக வாயை மூடி, பிறகு கோபம் ஆறிப்போய், காபி குடித்துவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தச் சத்தத்துக்குப் போய் என் பெண் பயந்தாள். அப்போது அவளுக்கு நாலு வயது.

பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான். தொட்டிலில் தூங்கும்போது தலைக்கு மேல் போகும், அவள் இமைகூட அசையாது. அவள் அப்பா போன பிறகுதான் எல்லாம் மாறியது. ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் அவர் வேலை பார்த்த கம்பெனி கடையை மூடிவிட்டது. ஊரில் வேறு வேலை தேடி அலுத்துப்போய், நாற்பது வயதுக்கு மேல் வளைகுடாவில் ஒரு கணக்கர் வேலைக்குப் புறப்பட்டார். விஷு கழிந்த வாரம்.

எங்கள் வீடுகளில் ஒருவர் வெளியூர் புறப்படுகிறார் என்றால் அது லேசான காரியம் இல்லை. எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. போகிறவர் ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது. படி இறங்கினவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, கூப்பிட்டாலும் அவர் திரும்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, வாசலில் யாரும் அழக் கூடாது. இதையெல்லாம் கவனிக்க எங்களுக்கு எதிர்வீட்டில் என் நாத்தனார் இருந்தார். என் கணவருக்கு மூத்தவர், பாங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், தனியாக இருப்பவர். எனக்கு அக்கா, குழந்தைக்கு அத்தை. கம்ப்யூட்டரும் தெரியும், கௌளி பலனும் தெரியும்.

“கொழந்தை முழிச்சுண்டா அழும். அழுதுண்டு நிக்கற வாசல்லேர்ந்து அவன் எறங்கப்படாது. தூங்கட்டும், விடு” என்றார் அக்கா.

அதில் எங்கள் யாருக்கும் மறுப்பு இல்லை. ராகுகாலத்துக்கு முன்னால் புறப்பட வேண்டும் என்று விடியும் முன்பே கிளம்பினார். தூங்குகிற குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் படியிறங்கினார். எதிரே பால்காரர் நிறைகுடம் போல வந்தார் என்று அக்காவுக்கு மகா திருப்தி.

குழந்தை எழுந்து அப்பாவைத் தேடினாள். குளிக்கிற அறையில் பார்த்தாள், கொல்லையில் பார்த்தாள், மாடிப்படியில் நின்று கூப்பிட்டாள். அப்போது பார்த்து ஒரு ப்ளேன் வந்தது. அக்கா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய் வானத்தைக் காட்டினார். “அதோ பார், அப்பா ப்ளேன்ல போயாச்சு. டாட்டா சொல்லு!” அது அவர் போன ப்ளேன்கூட இல்லை. அவர் அந்த நேரத்தில் ஏர்போர்ட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தேன், குழந்தை டாட்டா சொல்லவில்லை. வாயைத் திறந்தபடி மேலே பார்த்தாள். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சில நாள் கழித்து, ப்ளேன் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போனாள். விளையாட்டு என்று நினைத்தோம். பிறகு ஒவ்வொரு தடவையும் போனாள். சத்தம் தூரத்தில் இருக்கும்போதே, நமக்குக் கேட்பதற்கு முன்பே, அவளுக்குக் கேட்டுவிடும். கையில் இருந்தது கையிலிருந்து விழும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வாயில் இருப்பதை விழுங்காமல் ஓடுவாள். கட்டிலுக்கு அடியில் அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இடுக்கு உண்டு, அதில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்குவாள். நடுக்கம் என்றால் பல் கிட்டுகிற நடுக்கம். நான் குனிந்து கையை நீட்டினால் பிடிக்க மாட்டாள். கண் என் மேல் இருக்கும், ஆனால் என்னைப் பார்க்காது.

எல்.கே.ஜி. டீச்சர் போன் செய்தார். “மோள் டெஸ்கின்டெ அடியில் கேறி இருக்குவா. விளிச்சிட்டு வருன்னில்ல கேட்டோ.” டெஸ்குக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டால் வரவில்லையாம், போய் அழைத்து வந்தேன். பாவாடை நனைந்திருந்தது. மறுநாளும் அதேதான். ஆடி மழை ஆரம்பித்தபோது பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டோம். நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸில் பாதி நாள் வேலையாக மாற்றிக் கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தார்கள்.

செய்யாதது எதுவும் இல்லை. காதில் பஞ்சு வைத்தோம். ஜபித்த சரடு வாங்கிக் கையில் கட்டினோம். அக்கா கிழக்கே கோட்டை கடைத்தெருவில் ஒரு பொம்மை ப்ளேன் வாங்கி வந்து, “இதோ பாரு, இத்தனூண்டுதான், இதுக்குப் போயா பயப்படறே?” என்று கையில் கொடுத்தார். குழந்தை அதை மரியாதையாக வாங்கிக்கொண்டு போய்ப் பிரஷர் குக்கருக்குள் போட்டு, மூடியை வைத்து அழுத்தினாள். நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். அந்த மாதங்களில் நாங்கள் சிரித்தது அது ஒன்றுதான். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று அக்கா பெருமூச்சு விட்டார். ‘உங்க தம்பியை நெனைச்சு நீங்க பாதி நாள் தூங்கறதில்லையே, அதுக்கு என்ன பழமொழி?’ என்று கேட்க நினைத்தேன்.

சாயங்காலம் அவர் வீடியோவில் வருவார். குழந்தை திரும்பிப் பார்க்க மாட்டாள். “அப்பாடா கண்ணு, அப்பாகிட்ட பேசு” என்று போனை அவள் முகத்துக்கு நேரே பிடிப்பேன். “அது போன் அப்பா” என்பாள், தள்ளிவிட்டுப் போவாள். போன் அப்பா வேறு, அப்பா வேறு. அவர் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பின்னால் அடுக்குக் கட்டில், யாரோ காயப் போட்ட பனியன். “பரவால்லை, வைச்சுடு” என்பார். வைத்த பிறகும் அவர் அந்தச் சிரிப்போடு அங்கேயே உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

குழந்தை இளைத்துக்கொண்டே வந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. இவள் இப்படியே ஆகிவிடுவாளோ, வெளியே வராமல், படிக்காமல், ஒரு கட்டிலடியிலேயே வளர்ந்துவிடுவாளோ என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது. அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்ற பயம்.

குழந்தைகளின் மனசைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மலையாளத்தில் ஒன்றே ஒன்றைத் திருப்பிக் கேட்டார். ப்ளேன் வரும்போது என்ன செய்கிறாள் என்று இவ்வளவு நேரம் சொன்னீர்கள், போன பிறகு என்ன செய்கிறாள்? அதை நான் பார்த்ததே இல்லை. ப்ளேன் போனால் விட்டது சனி என்று அடுப்பைப் பார்க்கப் போகிறவள் நான். போய்ப் பாருங்கள், அடுத்த தடவை வந்து சொல்லுங்கள் என்றார். இதற்குத்தானா இத்தனை தூரம் வந்தோம் என்று ஆட்டோவில் எரிச்சலோடு திரும்பினேன்.

ஆனால் பார்த்தேன். சத்தம் ஓய்ந்து கொஞ்ச நேரம் கழித்து அவள் வெளியே வருவாள். நேரே அடுக்களைக்கு வந்து என் புடவையைத் தொடுவாள். பிறகு வாசலுக்குப் போய் எதிர்வீட்டைப் பார்த்து, “அத்தே!” என்று கத்துவாள். “என்னடி தங்கம்?” என்று குரல் வரும் வரைக்கும் அசையாமல் நிற்பாள். வந்ததும் உள்ளே வந்து தண்ணீர் குடிப்பாள். ஒரு நாள் அக்கா குளித்துக்கொண்டிருந்தார், பதில் வரவில்லை. குழந்தை போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

நான் இருக்கிறேனா, அத்தை இருக்கிறாரா என்று பார்க்கிறாள். அது எனக்குப் புரிந்தது. ஆனால் பாதிதான் புரிந்தது. வீட்டின் மேல் ப்ளேன் விழுந்துவிடும், நாங்கள் செத்துவிடுவோம் என்று பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர்ப் பெருமாள் கோயிலில் ஐப்பசி உற்சவம் வந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை பெருமாள் ஆராட்டுக்கு, அதாவது கடலில் நீராட, சங்குமுகம் கடற்கரைக்குப் போவார். அவர் போகிற வழி பழைய வழி. ஏர்போர்ட் பிற்பாடு வந்து அதன் குறுக்கே படுத்துக்கொண்டது. அதனால் அன்று சாயங்காலம் ப்ளேன்களையெல்லாம் நிறுத்திவிடுவார்கள். பெருமாள் ரன்வே வழியாக நடந்து போய்க் குளித்துவிட்டு, அதே வழியாகத் திரும்பி வருவார். இந்த ஊரில் யாருக்கும் இது ஆச்சரியம் இல்லை. எனக்கு அந்த வருஷம் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

“இன்னிக்குப் பெருமாள் வரா. ப்ளேன் ஒண்ணும் வராது” என்றேன்.

“ஒண்ணுகூடயா?”

“ஒண்ணுகூட.”

மத்தியானத்துக்கு மேல் வானம் நிஜமாகவே ஓய்ந்தது. குழந்தை வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். தலையை அண்ணாந்து பார்த்தபடியே ஒரு கிண்ணம் தயிர்சாதம் முழுக்கச் சாப்பிட்டாள். பிறகு அவளே வந்து பட்டுப்பாவாடை கேட்டாள், பொட்டு வைக்கச் சொன்னாள். ரன்வேக்குப் போகலாமா என்று கேட்டாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெருமாளே, நீ நடந்த நடைக்குப் பலன் இருக்கிறது என்று கோயில் இருந்த திசை பார்த்துக் கும்பிட்டேன்.

என் அண்ணாவுக்குக் கோயிலில் வேலை. ஊர்வலத்தோடு நடக்க அவனுக்குப் பாஸ் உண்டு. அவளைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். நானும் அக்காவும் ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டு சங்குமுகம் போய் மணலில் காத்திருந்தோம். இருட்டும் நேரத்தில் தீவட்டிகள் தெரிந்தன. சுவாமி வாகனங்கள் மணலில் இறங்கின. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணா வந்தான். குழந்தை அவன் தோளில் இல்லை, மார்பில் இருந்தாள். ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தாள்.

“என்ன ஆச்சு அண்ணா? ப்ளேன் வந்துதா?”

“ஒண்ணும் வரலை. ரன்வேல ஏறினதும் கீழே எறக்கிவிடுன்னா. இந்தப் பக்கம் பார்த்தா, அந்தப் பக்கம் பார்த்தா. தூரத்துல ரெண்டு ப்ளேன் நின்னுண்டிருந்தது, அதையே பார்த்தா. அப்புறம் பிடிச்ச அழுகை.”

நான் வாங்கிக்கொண்டேன். விக்கலுக்கு நடுவே என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“ப்ளேன் எல்லாம் நின்னாச்சேம்மா. அப்பா ஏன் எறங்கலை?”

அப்படியே மணலில் உட்கார்ந்தேன். பட்டுப்பாவாடையும் பொட்டும் ஆராட்டுக்கு இல்லை. அப்பாவைக் கூட்டிவர வந்திருக்கிறாள். இத்தனை மாதம் அவள் கணக்கு ரொம்பத் தெளிவாக இருந்திருக்கிறது. ப்ளேன் என்று ஒன்று வீட்டுக்கு மேலே வரும். வந்தால் வீட்டிலிருந்து ஒரு ஆளை எடுத்துக்கொண்டு போகும். தூங்கும்போதுகூட எடுக்கும். அதனால்தான் ஒளிந்துகொண்டாள். அதனால்தான் போன பிறகு வந்து எங்களைத் தொட்டுப் பார்த்தாள், இந்தத் தடவை யார் குறைந்தார்கள் என்று. பக்கத்தில் நின்ற அக்கா முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. மறுநாள் காலையில் ப்ளேன்கள் வழக்கம்போல் வந்தன. பெருமாள் குளித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இப்போது குழந்தைக்கு நம்ப அவரும் இல்லை. கட்டிலடியிலிருந்து வெளியே வர இன்னும் நேரம் எடுத்துக்கொண்டாள். அப்பா கடலுக்கு அந்தப் பக்கம் வேலை பார்க்கிறார், அங்கேயும் சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்று தினமும் சொன்னேன். கேட்டுக்கொள்வாள். நம்பினாளா என்று தெரியாது. மார்கழி, தை எல்லாம் எப்படிப் போனது என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

டாக்டரம்மாவிடம் போய் இதைச் சொன்னேன். அவர் விளக்க வேண்டிய அவசியம் இல்லை. போகிற வழியெல்லாம் எனக்கே விளங்கிக்கொண்டு வந்தது. அப்பா போனதை அவள் பார்க்கவில்லை. பார்க்காதவரைக்கும் அவர் போகவில்லை, காணாமல் போனார்.

சித்திரையில் அவர் லீவில் வந்தார். முதல் நாள் முழுக்கத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மறுநாள் வந்து ஒரு விரலால் அவர் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். போன் அப்பா இல்லை என்று உறுதியானதும் பிடித்த பிடியை விடவில்லை. தூங்கும்போது அவர் பூணூலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள். அவர் புரளாமல் விடியும்வரை மல்லாந்து கிடப்பார். ப்ளேன் சத்தம் வந்தால் கட்டிலடிக்கு அவரையும் இழுத்தாள். அவரும் தொப்பையோடு தவழ்ந்து போனார். உள்ளேயிருந்து இரண்டு பேர் மூச்சுவிடுகிற சத்தம் கேட்கும்.

லீவு முடிந்தது. அக்கா பஞ்சாங்கம் பார்த்தார்.

“ப்ளேன் மத்தியானம்தான். ஆனா விடியறதுக்கு முன்னாடி எதிர்ல எங்காத்துக்கு வந்துடட்டும், அங்கேர்ந்து பொறப்படட்டும். பூணூலை மெதுவா அவ கையிலேர்ந்து எடுத்துடலாம்.”

“வேண்டாம் அக்கா. இந்தத் தடவை அவ முழிச்சுண்டு இருக்கட்டும். ஏர்போர்ட்டுக்கும் வரட்டும்.”

“கொழந்தை தொண்டை கிழியக் கத்தும்டி.”

“கத்தட்டும்.”

“கண்ணீரோட அனுப்பிட்டு, நாளைக்கு அவனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

அந்தப் பயம் எனக்கு இல்லை என்று சொன்னால் அது பொய். நான் பிறந்ததும் அதே மாதிரி வீட்டில்தான். படித்தது கணக்கு, கூட்டினால் வருவது வரும், சகுனத்தில் என்ன இருக்கிறது என்று பகலில் சொல்லலாம். புருஷன் பெட்டியைக் கட்டும்போது சொல்ல வராது. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அவள். அவரைப் பார்த்தேன். “எனக்கும் அவ அழறதைப் பார்க்கத் தெம்பில்லை” என்றார் தலையைக் குனிந்துகொண்டு. “பாத்துத்தான் ஆகணும்” என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

குழந்தையிடம் முன்கூட்டியே சொன்னோம். அப்பா போகப் போகிறார், ப்ளேன் எடுத்துக்கொண்டு போகவில்லை, அவராகவே ஏறிப் போகிறார் என்று. அன்றிலிருந்தே அழுதாள். அக்கா புறப்படும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த வாசலைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

ஏர்போர்ட்டில் உள்ளே விட மாட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கம்பித் தடுப்பில் நின்றோம். அவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். என் இடுப்பிலிருந்து குழந்தை, உடம்பிலிருந்த எல்லா பலத்தையும் சேர்த்து, “அப்பா போகாதே! அப்பா!” என்று கத்தினாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். எது நடக்கக் கூடாது என்று எங்கள் வீடுகளில் காத்து வந்தார்களோ அது முழுசாக நடந்தது. அழுகை, பின்னாலிருந்து கூப்பிடுவது, எல்லாம். அவர் நின்றார். திரும்பாதே, திரும்பாதே என்று என் மனசு அடித்துக்கொண்டது.

அவர் திரும்பினார். பெட்டியை விட்டுவிட்டு வந்து தடுப்புக்கு மேல் கையை நீட்டி அவள் முகத்தைத் துடைத்தார். அவருக்கும் மூக்கு சிவந்திருந்தது. “போறேன்டா கண்ணு” என்றார். ‘போயிட்டு வரேன்’ என்றுகூடச் சொல்லவில்லை. அப்புறம் போனார்.

அவளை நேரே சங்குமுகம் கூட்டிப்போனேன். வெயிலில் கடற்கரை காலியாக இருந்தது. காத்திருந்தோம். முதுகுக்குப் பின்னால் இரைச்சல் கிளம்பியதும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒளிய அங்கே இடம் இல்லை. ப்ளேன் மணலுக்கு மேலே வந்து, கடலுக்கு மேலே ஏறி, சின்னதாகி, மேகத்தில் போய்விட்டது. குழந்தை காதைப் பொத்தவில்லை.

“அதுலயா அப்பா இருக்கா?”

“ஆமாம்.”

“தூங்கிண்டா?”

“இல்லை. முழிச்சுண்டுதான்.”

வீட்டுக்கு வந்ததும் அவள் அழுது ஓய்ந்து தூங்கிப்போனாள். பயம் அவளை விட்டு என்னிடம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வரும்வரைக்கும் நான் சுவாமி அலமாரி முன்னால் நின்றேன். விளக்கு வைத்த பிறகு அக்கா தெருவைக் கடந்து வந்தார். என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். போன் மணி அடித்தபோது இரண்டு பேருக்கும் அதை எடுக்கக் கை வரவில்லை.

ஜூனிலிருந்து மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறாள். கட்டிலடிக்குப் போவதில்லை. நன்றாக ஆகிவிட்டாளே என்று தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள். பயம் போய்விட்டது என்பது உண்மைதான். ஆனால் அது போன இடம் காலியாக இல்லை. சாயங்காலம் போன் அப்பாவிடம் பேசுகிறாள், பேசி முடித்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து வயதுக்கு அப்படி உட்காருவது ஆகாது.

ப்ளேன் வந்தால் எங்கள் தெருக்காரர்கள் மாதிரியே இப்போது அவளும் பேச்சை நடுவில் நிறுத்துகிறாள். ஆனால் நிமிர்ந்து பார்க்கிறாள். சத்தம் கடல் பக்கம் போய் அடங்குகிற வரைக்கும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்பாள்.

“இது யாரோட அப்பாம்மா?”

“தெரியலையேடி.”

“பாவம்” என்பாள். யாரை என்று நான் கேட்டதில்லை.